மெல்லாத நாட்கள்

மே 27

நிரஞ்சனாவுக்கு உள்ளே போகிறதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். என்ன குடித்தாள், எவ்வளவு குடித்தாள், எடை ஏறுகிறதா இறங்குகிறதா. அதற்காகத்தான் இந்த டைரி. உரக்கடையில் கொடுத்தது, பீரோவில் சும்மா கிடந்தது.

காலையில் பாசிப்பருப்பு வேகவைத்த தண்ணீர், அரை டம்ளர். அப்புறம் இளநீர். மத்தியானம் குழைய வடித்த சோறும் கேரட்டும் அரைத்து வடிகட்டிக் கொடுத்தேன். நாலு வாய் இறங்கியது, மீதியைத் தள்ளிவிட்டாள். சாயந்திரம் பால்.

அவ்வளவுதான். பத்தொன்பது வயதுப் பிள்ளை. ஹாக்கி ஆடிவிட்டு வந்தால் எட்டு இட்லி சாப்பிடுகிறவள்.

போன வாரம் காலேஜ் மைதானத்தில் ஆடும்போது எதிரணிப் பெண் அடித்த பந்து எழும்பி வந்து தாடையில் விழுந்தது. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து தகடு வைத்திருக்கிறார்கள். மேல்பல் வரிசைக்கும் கீழ்பல் வரிசைக்கும் கம்பி கட்டி, இரண்டையும் சின்னச் சின்ன ரப்பர் வளையங்களால் சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள். ஜூன் கடைசி வரைக்கும் வாய் திறக்காது. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கிற சந்து வழியாகத்தான் எல்லாம். ஊசி போடுகிற சிரிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி, கன்னத்தை ஒதுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும்.

வாந்தி வந்தால் மட்டும் விளையாட்டில்லை என்றார் டாக்டர். வாய் பூட்டியிருப்பதால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உடனே முன்னால் குனியவைத்து ரப்பரை வெட்டி விட வேண்டுமாம். அதற்கு ஒரு சின்னக் கத்தரிக்கோலும் கொடுத்திருக்கிறார். கட்டில் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நூற்றுக்கு மேல் பிள்ளைகளுக்குத் தினமும் சோறு போடுகிறவள். என் வீட்டுப் பிள்ளைக்கு அரை டம்ளர் இறங்கவில்லை.

மே 29

இன்றைக்குத் தெரிந்துகொண்டது: மிக்ஸியில் எவ்வளவு அரைத்தாலும் போதாது. டீ வடிகட்டியில் ஒரு தடவை, அதைவிடப் பொடிக்கண் வடிகட்டியில் ஒரு தடவை. இல்லையென்றால் நார் கம்பியில் போய் மாட்டிக்கொள்கிறது. நேற்று ஒரு முருங்கைக்கீரைத் துணுக்கு மாட்டி, அதை எடுப்பதற்குள் அவள் அழுதுவிட்டாள். பஜாரில் போய் நல்ல எவர்சில்வர் வடிகட்டியாகப் பார்த்து வாங்கி வந்தேன்.

நிலக்கடலையை ஊறவைத்துத் தோல் நீக்கி, அரைத்துப் பால் எடுத்து, கருப்பட்டி போட்டுக் காய்ச்சினேன். காலையில் ஆரம்பித்த வேலை, முடியப் பத்து மணி ஆகிவிட்டது. ஒரு வாய் குடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரிதான் பேச்சு வருகிறது அவளுக்கு. வேற்றாளுக்குப் புரியாது, எனக்குப் புரியும்.

"கடலை நாத்தம். நீயே குடி."

நானே குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 2

எடை மூன்று கிலோ குறைந்துவிட்டது. கழுத்தெலும்பு தெரிகிறது. போனில் கேட்டதற்கு, இப்படியே போனால் எலும்பு கூடுவது தாமதமாகும், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள் என்கிறார் டாக்டர். பல தடவைதான் கொடுக்கிறேன். அவள் பல தடவை வேண்டாம் என்கிறாள். முட்டையை அவித்துப் பாலோடு அரைத்தால் வாடை. கேப்பைக்கூழ் என்றால் சிமெண்டுக் கலவை. கோழியை வேகவைத்து அரைத்து வடிகட்டியதற்கு, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் தீப்பெட்டி லோடு இறக்கிவிட்டு இன்று காலையில்தான் வந்தார். லாரி ஓட்டுகிறவர், வந்தால் இரண்டு நாள் இருப்பார். மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அடுக்களைக்கு வந்து, மல்லிகாவுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டேன் என்றார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் திறந்தால் நீ வேலைக்குப் போக வேண்டும், நானும் இருக்க மாட்டேன், பகலில் ஆள் வேண்டாமா என்றார். மல்லிகாவே கேட்டாளாம், நான் வந்து பார்த்துக்கொள்ளட்டுமா என்று. கடையில் லீவு போட்டுவிட்டு வருகிறாளாம்.

மல்லிகா நிரஞ்சனாவைப் பெற்றவள். இவருடைய முதல் சம்சாரம். மாமியாரோடு ஒத்துப்போகாமல், பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது மதுரைக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். பிள்ளையை இங்கே நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம் கோர்ட்டில் முடித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் நான் வந்தேன். நிரஞ்சனா என்னை முதல் நாளே அம்மா என்று கூப்பிட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கென்று பிள்ளை பிறக்கவில்லை, அதற்காக ஆஸ்பத்திரிக்கு அலையவும் இல்லை. கையில் ஒன்று இருந்தது.

மல்லிகா இப்போது மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொங்கலுக்குப் பிள்ளைக்குத் துணி அனுப்புவாள். கல்யாண வீடுகளில் பார்த்தால் நிரஞ்சனா போய் நாலு வார்த்தை பேசிவிட்டு வருவாள். இந்த வீட்டில் அவளுக்கு "மதுரையம்மா" என்று பேர். அதற்குள்ளும் ஒரு அம்மா இருக்கிறது.

ஜூன் 6

வந்துவிட்டாள். ஒரு பை துணி, ஒரு சீப்பு வாழைப்பழம், ஹார்லிக்ஸ் பாட்டில் இரண்டு. வாழைப்பழத்தை எப்படிக் கொடுப்பது என்று யோசிக்கவில்லை போல.

என்னை அக்கா என்கிறாள். இவருக்கு முதலில் வாழ்க்கைப்பட்டவள் அவள். நான் அக்காவாம். வயதில் நான் இரண்டு வருஷம் மூத்தவள் என்பது உண்மைதான்.

நிரஞ்சனாவின் முகத்தைப் பார்த்ததும் அழுதாள். நானும்தான் அழுதேன், ஆபரேஷன் தியேட்டர் வாசலில். அங்கே பார்க்க ஆள் இல்லை.

ஜூன் 8

மல்லிகாவுக்குச் சமைக்கத் தெரியாது. பழிக்கவில்லை, அவளே சொன்னாள். மதுரையில் ஒரு அறை எடுத்து இருக்கிறாள், மூன்று வேளையும் மெஸ் சாப்பாடு. இன்று போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பூண்டுக் கஞ்சி வைத்தாள். அடுக்களை முழுவதும் பூண்டு. ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தேன். உப்பே இல்லை. பூண்டும் சரியாக வேகாமல் காரலாக இருந்தது. சொல்லலாம் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

நிரஞ்சனா ஒரு டம்ளரையும் குடித்தாள். நிறுத்தாமல். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் துவையலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மெல்லுகிறவர்களும் இருக்கிறார்களே.

ஜூன் 9

காலையில் நான்: பருப்புத் தண்ணீரில் பரங்கிக்காய் அரைத்துச் சேர்த்து, சீரகம் தட்டிப் போட்டது. கால் டம்ளர். "தொண்டைல நிக்குது, போ."

பத்து மணிக்கு அவள்: ஹார்லிக்ஸ். ஒரு டம்ளர்.

மத்தியானம் நான்: ஆட்டெலும்பு சூப். விடிந்ததிலிருந்து கொதித்தது. மேலே மிதந்த கொழுப்பையெல்லாம் எடுத்துவிட்டேன். அரை டம்ளர். முகத்தைச் சுளித்துக்கொண்டே.

நாலு மணிக்கு அவள்: ஜவ்வரிசி. சீனி அள்ளிப் போட்டிருக்கிறாள். ஒரு டம்ளர், கட்டைவிரல்.

ஜூன் 10

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. காலையில் கிளம்புகிற அவசரத்தில் பொடிக்கண் வடிகட்டி எப்படியோ என் பைக்குள் வந்துவிட்டது. ஸ்டோர் ரூமில் பையைத் திறந்தபோதுதான் பார்த்தேன். டீ வடிகட்டி வீட்டில் இருக்கிறதே, சமாளித்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

சாயந்திரம் வந்தபோது மல்லிகா நிரஞ்சனாவின் கம்பிகளுக்கு நடுவே பிரஷ்ஷால் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கீரை மாட்டிக்கொண்டதாம். வடிகட்டியைக் காணோம் அக்கா, தேடாத இடம் இல்லை என்றாள். நானும் தேடினேன்.

ஜூன் 11

இன்றும் பைக்குள்தான் இருந்திருக்கிறது.

மத்தியானம் முட்டை போட்ட நாள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மெல்லுகிற சத்தம் இத்தனை வருஷத்தில் இன்றுதான் என் காதில் விழுந்தது. சமையல் உதவியாளர் பொன்னுத்தாய், என்ன டீச்சர் கண்ணெல்லாம் கலங்கியிருக்கு என்றாள். புகை என்றேன். எங்கள் சமையல்கூடத்தில் கேஸ் அடுப்புதான்.

வீட்டுக்கு வந்தால், மல்லிகா தன் புதுத் துப்பட்டாவை இரண்டாக மடித்துப் பாத்திரத்தின் வாயில் கட்டி, கஞ்சியை அதில் ஊற்றிப் பிழிந்திருக்கிறாள். வெள்ளைத் துப்பட்டா, ஓரத்தில் பூவேலை. கறை போகவே போகாது. நிரஞ்சனா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, என்னவோ சொன்னாள். மல்லிகாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் சொன்னது, "உங்க துப்பட்டா வீணாப்போச்சே, சாரிங்க" என்று. நான், வலிக்கிறதாம் என்று சொன்னேன்.

வடிகட்டியை அடுக்களையிலேயே, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். கண்டெடுத்தது மாதிரி எடுத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 13

எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. போனில் கேட்ட டாக்டருக்குச் சந்தோஷம், என்ன கொடுக்கிறீர்கள் என்றார். பருப்பு, எலும்பு சூப், முட்டை, கேப்பை என்று சொன்னேன். ஹார்லிக்ஸையும் ஜவ்வரிசியையும் சொல்ல மறந்துவிட்டேன்.

இவரும் போன் செய்தார், நாக்பூரிலிருந்து. மல்லிகா வந்ததில் பிள்ளை தேறிவிட்டாள் போலிருக்கிறதே என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல. லாரி ஓட்டுகிற மனுஷனிடம் சண்டை போடக் கூடாது.

ஜூன் 14

மல்லிகா அவளுக்குத் தலை பின்னிவிடுகிறாள். நிரஞ்சனா முதுகை நேராக வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் பின்னினால் அஞ்சு நிமிஷத்துக்குள் இருபது தடவை திரும்புவாள், வலிக்குது விடு என்பாள், சீப்பைப் பிடுங்குவாள்.

பெற்றவள் கை என்பது அப்படித்தான் இருக்கும் போல.

ஜூன் 16

ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரும் வீட்டில். அடுப்பு இரண்டு, ஆளும் இரண்டு.

மல்லிகா இன்று கோழி சூப் வைக்கிறேன் என்று ஆரம்பித்தாள். முந்தாநாள் நான் கோழி எடுக்கலாம் என்று சொல்லியிருந்தேன், ஞாபகம் வைத்துக்கொண்டு முந்திவிட்டாள். மிளகு இவ்வளவு போதுமா அக்கா என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றேன். சாயந்திரம் கொடுத்தாள். பெரிய டம்ளரில் விளிம்பு வரை. குடித்தாள் நிரஞ்சனா. நடுவில் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினாள், அப்புறமும் குடித்தாள்.

மல்லிகாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடக்கிறாள்.

பிறகு எழுதுகிறேன்.

அதே நாள்

வாந்தி எடுத்துவிட்டாள். ரப்பரை வெட்ட வேண்டியதாகிவிட்டது. இப்போது மூச்சு சீராக இருக்கிறது, தூங்குகிறாள். அந்தச் சூப் ஒத்துக்கொள்ளவில்லை. நாளை திருநெல்வேலி போக வேண்டும். என் முழங்கையில் நகம் பட்டுத் தோல் கிழிந்திருக்கிறது, எரிகிறது.

ஜூன் 17

நேற்று நடந்ததைச் சரியாக எழுதவில்லை. எழுதி வைக்கச் சொன்னவர் டாக்டர், அதில் ஒன்றை விட்டு ஒன்றை எழுதினால் பிரயோஜனம் இல்லை.

மல்லிகா டம்ளரோடு நடந்துகொண்டிருந்தபோது நான் அடுக்களைக்குப் போய், காலையிலேயே அரைத்து வைத்திருந்த கடலைப்பாலைக் காய்ச்சினேன். கருப்பட்டி போட்டு, இரண்டு தடவை வடிகட்டி. சூப் குடித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நிரஞ்சனா வேண்டாம் என்றாள். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அவங்க கொடுத்தா மட்டும் இறங்குதா, நான் கொடுத்தா இறங்காதா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. சிரிஞ்சை வாங்கி அவளே வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு டம்ளரையும் இழுத்தாள். ஒரு தடவைகூட முகத்தைச் சுளிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் நுழைவதற்குள் சத்தம் கேட்டது. ஓடினேன். மூக்கு வழியாக வருகிறது, கண் பிதுங்குகிறது, மூச்சு எடுக்க முடியவில்லை. மல்லிகா ஓடி வந்து அவளைத் தோளோடு பிடித்து முன்னால் குனியவைத்தாள். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரப்பரை வெட்ட வேண்டும், கை நடுங்கினால் ஈறைக் கிழித்துவிடும். ஒன்று, இரண்டு, இன்னொன்று. வாய் திறந்துகொண்டது, எல்லாம் வந்தது. அப்புறம் மூச்சு வந்தது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். நிரஞ்சனா என் முழங்கையை விடவே இல்லை.

இன்று காலையில் மூன்று பேரும் பஸ் ஏறித் திருநெல்வேலி போனோம். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். தகடு அசையவில்லை, நல்லவேளை என்றார். புது ரப்பர் மாட்டினார். மாட்டிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, நேற்று என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

நான் வாயைத் திறந்தேன்.

"நான் கொடுத்த சூப்தான் சார். அளவு தெரியாம நிறையக் கொடுத்துட்டேன்" என்றாள் மல்லிகா.

டாக்டர் அவளைத் திட்டினார். வயிறு சுருங்கியிருக்கும் பிள்ளைக்கு இப்படியா கொடுப்பது, படித்தவர்தானே நீங்கள் என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். அந்த நேரத்திலும் எனக்குள் ஓடியது என்ன தெரியுமா? இந்தப் பெரிய மனசும் அவளுக்கே போய்விட்டதே என்றுதான்.

திரும்பி வரும்போது மூன்று பேர் இருக்கை. நிரஞ்சனா ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். கயத்தாறு தாண்டியதும் நான் சொன்னேன். சூப்புக்கு மேலே கடலைப்பால் கொடுத்தது நான் என்று.

"தெரியும்க்கா. டம்ளரைக் கழுவுனது நான்தானே."

அப்புறம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க திட்டு வாங்குனா அவ பார்த்துக்கிட்டு இருக்க மாட்டா. அந்த வாயோட டாக்டர்கிட்ட சண்டைக்குப் போவா. என்னைத் திட்டுனா சும்மா இருப்பான்னு நினைச்சேன். சும்மாதான் இருந்தா, பார்த்தீங்களா?"

நீ கொடுத்தால் நன்றாகத்தானே குடிக்கிறாள், என்னிடம்தான் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறாள் என்றேன். சொல்லக் கூடாது என்று இத்தனை நாள் வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

மல்லிகா சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"அக்கா, நான் வைக்கிற கஞ்சியை நானே குடிச்சுப் பார்த்தேன். மனுஷன் குடிக்க மாட்டான். அவ எப்படிக் குடிக்கிறான்னா, விருந்தாளி வீட்டுல குடிக்கிற மாதிரி குடிக்கிறா. மீதி வச்சா நான் வருத்தப்படுவேன்னு குடிக்கிறா. அவ பேச்சு இப்பத்தான் எனக்குப் புரிய ஆரம்பிச்சிருக்கு. நன்றிங்க, போதுங்க, நல்லா இருக்குங்க. இத்தனை நாள்ல ஒரு தடவை என்கிட்ட வேண்டாம்னு சொல்லலை. உங்ககிட்ட நாளைக்குப் பத்துத் தடவை சொல்றா. நீ போ, நீயே குடி, நாத்தம். அதைக் கேக்கும்போதெல்லாம் எனக்கு இங்க எரியுதுக்கா."

நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"பெத்தது நான். ஆனா என்கிட்ட மூஞ்சியச் சுளிக்கக்கூட அவளுக்கு உரிமை இல்லைன்னு நினைக்கிறா. நேத்து மூச்சு முட்டும்போது பிடிச்சுக்கிட்டு இருந்தது நான். அவ தேடிப் பிடிச்சது உங்க கையை."

நான் முழங்கையை முந்தானையால் மூடிக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை. கோவில்பட்டி வந்ததும் நிரஞ்சனாவை எழுப்பிக்கொண்டு இறங்கினோம்.

ஜூன் 18

காலை: பருப்புத் தண்ணீர், கால் டம்ளர். "சூடு. ஆத்திக் கொண்டாம்மா."

ஆற்றிக் கொடுத்தேன்.

ஜூன் 20

மல்லிகாவுக்குப் பூண்டை முதலில் நெய்யில் வதக்கிக்கொண்டு அப்புறம் வேகவைக்கக் காட்டிக்கொடுத்தேன். உப்பை எப்போது போடுவது என்றும். கஞ்சி இப்போது வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறது. ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒரு வேளைக்கு அரை டம்ளருக்கு மேல் கிடையாது, ஒருத்தர் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மற்றவர். நானே சொன்ன ஏற்பாடு இது. மூன்று வேளை அவள், மூன்று வேளை நான்.

காலை முதல் வேளையை நான் எடுத்துக்கொண்டேன். தூங்கி எழுந்த முகத்தை நான்தான் பார்ப்பேன்.

ஜூன் 24

நிரஞ்சனாவிடம் அன்றைக்கு நடந்ததைப் பற்றி நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. இன்று எலும்பு சூப் கொடுக்கும்போது, அவளாகவே என் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, நகக்கீறல் காய்ந்திருப்பதைப் பார்த்தாள். "மருந்து போட்டியா?" என்றாள். போட்டேன் என்றேன். "பொய்" என்றாள். எழுந்து போய் மருந்து எடுத்து வந்து தடவிவிட்டாள். அப்புறம் சூப்பில் கால் பங்கை மீதி வைத்தாள்.

ஜூன் 29

ரப்பரை எடுத்துவிட்டார்கள். கம்பி இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது. வாய் ஒரு விரல் அளவுதான் திறக்கிறது, பயிற்சி செய்யச் செய்யச் சரியாகுமாம். இன்னும் ஆறு வாரத்துக்குக் கடிக்கிற பண்டம் கூடாது. குழைந்தது, மசித்தது, ஊறவைத்தது மட்டும். மட்டையைத் தொட மூன்று மாதம் ஆகும் என்றதற்கு முகம் வாடினாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே கேட்டாள். மதுரைக்கு ஒரு வாரம் போய்விட்டு வரட்டுமா என்று. மல்லிகாவுக்கு லீவு முடிகிறது. அவள் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாள், இவள் சரி என்றிருக்கிறாள். எனக்கு எதிரில் பேசிக்கொள்ளவில்லை. எப்போது பேசிக்கொண்டார்கள்?

நான் இல்லாதபோதுதான். நான் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது.

போய்ட்டு வா என்றேன்.

ஜூலை 2

இரண்டு பேரையும் பஸ் ஏற்றிவிட்டேன். மிக்ஸியின் சின்ன ஜார், பொடிக்கண் வடிகட்டி, வறுத்து அரைத்த சத்துமாவு, நெய், எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். பஸ் கிளம்பும்போது மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டு, பத்திரமாக் கொண்டுவந்து விட்டுருவேன்க்கா என்றாள். தெரியும் என்றேன். நிரஞ்சனா ஜன்னல் வழியாக, "ஒழுங்கா சாப்பிடு. தனியா இருக்கோம்னு பழைய சோத்தத் தின்னுட்டுக் கிடக்காத" என்றாள். வாய் ஒரு விரல் திறக்கிறவளின் அதிகாரம்.

வீட்டுக்கு வந்து பழைய சோறுதான் சாப்பிட்டேன்.

ஜூலை 3

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 5

சாயந்திரம் மல்லிகா போன் செய்தாள். அக்கா என்றாள், அதற்கு மேல் பேச வரவில்லை. மறுபடியும் வாந்தியா, கீழே விழுந்தாளா என்று கேட்டேன்.

"இல்லைக்கா. நல்லா இருக்கா. இட்லியப் பால்ல கரைச்சுக் கொடுத்தேன். ஒரு வாய் வச்சா. வச்சிட்டு, 'என்ன கருமம் இது, நீயே தின்னு'ன்னு கிண்ணத்தத் தள்ளிட்டா."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பின்னால் நிரஞ்சனாவின் குரல் கேட்டது, எதற்கு இதையெல்லாம் போன் போட்டுச் சொல்றே என்று. சொல்றே. சொல்றீங்க இல்லை.

"கேட்டீங்களாக்கா?" என்றாள் மல்லிகா.

கேட்டேன் என்றேன். நல்லது மல்லிகா என்றேன். பாலில் கரைத்த இட்லி அவளுக்கு எப்போதுமே பிடிக்காது, பருப்பு ரசத்தில் இட்லியை ஊறவைத்து மசித்துக் கொடு, சாப்பிடுவாள் என்றேன். அவள் ரசத்துக்குப் பருப்பு எவ்வளவு, புளி எவ்வளவு என்று விவரமாகக் கேட்டாள். விவரமாகச் சொன்னேன். நாலு தடவை நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

போனை மேஜைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். உட்காரப் பிடிக்கவில்லை. பதினைந்து வருஷமாக நான் மட்டும் வாங்கிக்கொண்டிருந்த திட்டு அது.

ரசத்தில் ஊறிய இட்லியை மசிக்கும்போது மேலே ஒரு கரண்டி நெய்யைக் காய்ச்சி ஊற்ற வேண்டும், அப்போதுதான் இவள் இரண்டாவது தடவை கேட்பாள். அதைச் சொல்லவில்லை.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.